இன்சுலேஷன் போட்ட பிறகும் கேஸ் பில் ஏறியது ஏன்?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் 1960களில் கட்டிய ஒற்றை மாடி வீடு, கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கின் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர அடி. 2024 அக்டோபரில் அட்டிக்கில், வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் புது இன்சுலேஷன் போட்டீர்கள். வெப்பத்தைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் மதிப்பில், ஆர்-12 அளவில் இருந்ததை ஆர்-60 ஆக்கியதாக ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார், கேஸ் செலவு கால்வாசி குறையும் என்று வாய்வார்த்தையாகவும் சொல்லியிருக்கிறார். 2023-24 குளிர்காலத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை 1,400 கன மீட்டர் எரிந்தது. வேலை முடிந்த பிறகு, 2024-25இல் அதே நான்கு மாதத்துக்கு 1,470. பில் தொகை அதைவிட அதிகமாக ஏறியிருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸை மாற்றவில்லை, வீட்டில் ஆள் கூடவில்லை. ‘நான் ஏமாந்துவிட்டேனா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்: இன்சுலேஷன் போடாமல் இருந்திருந்தால் 2024-25இல் உங்கள் வீடு எவ்வளவு எரித்திருக்கும்? போன வருட பில்லில் அது இல்லை. எந்தப் பில்லிலும் வராது. கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். ஒன்டாரியோவில் வீடு வீடாகப் போய் வெப்பம் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதுதான் பல வருடமாக என் தொழில். உங்களைப் போல, வேலை முடிந்து முதல் குளிர்காலப் பில்லைப் பார்த்துவிட்டு மனம் வெறுத்துப்போன பலரை எனக்குத் தெரியும். நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால், இன்சுலேஷன் வேலை செய்கிறது. ஆனால் ‘கால்வாசி’ என்று உங்களிடம் சொன்னது சரியில்லை. இரண்டையும் விளக்குகிறேன்.

முதலில் டாலரை ஒதுக்கிவைத்துவிட்டு கன மீட்டரை மட்டும் பாருங்கள். கேஸ் விலை அவ்வப்போது மாறும். அதற்கு மேல், நீங்கள் ஒப்பிடும் இரண்டு குளிர்காலங்களுக்கு இடையில் மத்திய அரசின் கார்பன் கட்டணமும் மாறியது. 2024 ஏப்ரல் 1 அன்று கன மீட்டருக்கு 12.39 சென்ட் என்பது 15.25 சென்ட் ஆனது. ஒரு கன மீட்டர்கூட கூடுதலாக எரிக்காவிட்டாலும் 1,400 கன மீட்டருக்கு 40 டாலர் இந்த வகையிலேயே ஏறியிருக்கும். பிறகு 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கட்டணமே வீட்டு கேஸ் பில்லிலிருந்து நீங்கிவிட்டது. ஆகவே அடுத்த குளிர்காலத்தில் பில் இறங்கினால் அதை இன்சுலேஷன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சம மாதத் தவணைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். மாதாமாதம் கட்டும் தொகைக்கும் அந்த மாதம் எரித்ததற்கும் நேரடித் தொடர்பே இருக்காது.

கன மீட்டரிலும் ஒரு எச்சரிக்கை. சில மாதங்களில் மீட்டரை யாரும் வந்து பார்ப்பதில்லை, பழைய உபயோகத்தை வைத்து மதிப்பிட்டுப் பில் போடுவார்கள். பில்லில் ‘மதிப்பீடு’ என்று குறித்திருக்கும். இன்சுலேஷன் போட்ட பிறகு வரும் மதிப்பீடு, இன்சுலேஷன் இல்லாத வீட்டின் பழக்கத்தை வைத்துப் போட்டது. அடுத்து உண்மையான அளவு எடுக்கும்போது அது சரியாகிவிடும், ஆனால் நடுவில் இருக்கும் மாதத்தை எடுத்து ஒப்பிட்டால் தப்பாகத்தான் வரும். உங்கள் நான்கு மாதத்தின் தொடக்கமும் முடிவும் உண்மையில் மீட்டரைப் பார்த்து எடுத்தவையா என்று முதலில் பாருங்கள்.

இப்போது குளிருக்கு வருவோம். ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம், உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்றபடி கூடும், குறையும். வெளியே 1 டிகிரி இருக்கும் நாளைவிட மைனஸ் 19 இருக்கும் நாளில், உள்ளே 21 வைத்திருந்தால், சுவரும் கூரையும் ஜன்னலும் இழப்பது ஏறக்குறைய இரட்டிப்பு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் ஃபர்னஸ் கொடுக்க வேண்டியது வெளியேறும் வெப்பம் முழுவதையும் அல்ல. வீட்டில் இருக்கும் ஆட்கள், சமையல், ஃபிரிட்ஜ், டிவி, ஜன்னல் வழியே விழும் வெயில் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று டிகிரியைச் சமாளித்துவிடும். அதனால்தான் கனடாவில் வெப்பத் தேவையை 18 டிகிரியிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18ஐவிட எத்தனை டிகிரி குறைவோ அதுதான் அன்றைய ‘டிகிரி நாள்’ எண். சராசரி 3 டிகிரி என்றால் அன்றைக்கு 15 டிகிரி நாள். சராசரி மைனஸ் 10 என்றால் 28. ஒவ்வொரு நாளுக்கும் இப்படிக் கண்டு கூட்டினால் அந்தக் குளிர்காலம் எவ்வளவு ‘கனமானது’ என்று ஒரே எண்ணில் கிடைத்துவிடும். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் வழக்கமான ஒரு முழு வருடத்துக்கு இது 3,800இலிருந்து 4,000 வரை வரும். வான்கூவரில் 3,000க்குக் கொஞ்சம் கீழே. வினிபெக்கில் 5,500ஐத் தாண்டும். கனடா சுற்றுச்சூழல் துறையின் இணையதளத்தில் நிலைய வாரியாக, நாள் வாரியாக இந்த எண்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்கத் தளங்களில் எடுத்தால் கவனம் தேவை. அங்கே 65 ஃபாரன்ஹீட்டிலிருந்து கணக்கு, அதனால் எண் 1.8 மடங்கு பெரிதாகத் தெரியும்.

உங்கள் ஒப்பீட்டில் இருக்கும் பெரிய கோளாறு இதுதான்: 2023-24 சாதாரணக் குளிர்காலம் அல்ல. கனடா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால், 1948இல் தொடங்கும் தேசியப் பதிவில் அதைவிட மிதமான குளிர்காலம் கிடையாது. டொராண்டோவில் அந்த டிசம்பரும் பிப்ரவரியும் எப்படி இருந்தன என்று நினைவிருக்கும், பனி அள்ளும் வேலையே அதிகம் வரவில்லை. 2024-25 அப்படி இல்லை. ஜனவரி, பிப்ரவரி இரண்டும் குளிரெடுத்தன, பிப்ரவரி நடுவில் ஒரே வாரத்தில் வந்த இரண்டு புயல்களில் தெருவெல்லாம் அடைபட்டுக் கிடந்தது. நீங்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்ட வருடமே விதிவிலக்கான வருடம். அதற்குப் பக்கத்தில் வைத்தால் எந்த வீட்டுப் பில்லும் மோசமாகத்தான் தெரியும்.

சரி, கணக்கைப் போட்டுவிடுவோம். கேஸில் ஒரு பங்கு சூடாக்குவதற்குப் போவதில்லை. குளிக்கும் வெந்நீர், உங்கள் வீட்டில் கேஸ் அடுப்பும் இருந்தால் அது. ஜூலை, ஆகஸ்ட் பில்களை எடுத்துப் பாருங்கள். ஃபர்னஸ் ஓடாத அந்த மாதங்களில் எரிந்ததுதான் இந்த அடிப்படைச் செலவு. மாதம் 45 கன மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன், நான்கு மாதத்துக்கு 180. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் சில்லென்று வருவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பரவாயில்லை. 1,400இல் 180 போனால் 1,220. 1,470இல் 180 போனால் 1,290. இவைதான் இரண்டு குளிர்காலங்களில் வீட்டைச் சூடாக்க எரிந்தவை. அடுத்து டிகிரி நாட்கள். உங்கள் பில் தேதிகளுக்கு ஏற்ற எண்ணை நீங்களே எடுத்துப் போட வேண்டும். கணக்கு பிடிபடுவதற்காக இங்கே முழு எண்களாக முதல் குளிர்காலத்துக்கு 2,000, இரண்டாவதற்கு 2,400 என்று வைக்கிறேன். அப்படியென்றால் முதல் வருடம் ஒரு டிகிரி நாளுக்கு 0.61 கன மீட்டர், இரண்டாவது வருடம் 0.54. குறைவு 12 சதவீதம். இன்சுலேஷன் போடாத வீடு 2,400 டிகிரி நாளுக்கு 1,464 கன மீட்டரும், அதன் மேல் வெந்நீருக்கு 180உம் சேர்த்து 1,644 எரித்திருக்கும். நீங்கள் எரித்தது 1,470. ஆக 174 கன மீட்டர் மிச்சம், பில் ஏறியிருந்தும்.

என் 2,000, 2,400 என்ற எண்களை நம்பத் தேவையில்லை என்பதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1,290ஐ 1,220ஆல் வகுத்தால் 1.057. அதாவது இரண்டாவது குளிர்காலம் முதலாவதைவிட 6 சதவீதம் மட்டும் கூடுதல் குளிராக இருந்திருந்தால் உங்கள் மிச்சம் பூஜ்யம். அதற்கு மேல் குளிர் எவ்வளவு கூடியதோ அவ்வளவும் மிச்சக் கணக்கில் சேரும். வரலாறு காணாத மிதமான குளிர்காலத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் உள்ள தூரம் 6 சதவீதத்தை நன்றாகவே தாண்டும். அதனால்தான் இன்சுலேஷன் வேலை செய்கிறது என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

இப்போது அந்தக் கால்வாசி வாக்குறுதி. ஆர் மதிப்பு என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறன். அதை 5.68ஆல் வகுத்தால் மெட்ரிக் அளவு கிடைக்கும். ஆர்-12 என்பது 2.1, ஆர்-60 என்பது 10.6. 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். 93ஐ 2.1ஆல் வகுத்தால், வெளியே ஒரு டிகிரி இறங்கும்போதெல்லாம் பழைய அட்டிக் 44 வாட் இழந்திருக்கிறது. புது அட்டிக் இழப்பது ஏறக்குறைய 9 வாட். மிச்சம் 35 வாட். ஒரு டிகிரி நாளுக்கு 24 மணி நேரம், அதாவது 0.84 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம். ஒரு கன மீட்டர் கேஸில் பத்தரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் இருக்கிறது, நல்ல ஃபர்னஸ் அதில் 95 சதவீதத்தை வீட்டுக்குள் கொடுக்கும். எல்லாம் வகுத்துப் பார்த்தால் டிகிரி நாளுக்கு 0.085 கன மீட்டர் மிச்சமாக வேண்டும். உங்கள் பழைய 0.61இல் இது 14 சதவீதம். மேலே வந்த 12க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வருடத்துக்கு 3,800 டிகிரி நாள் என்றால் 320 கன மீட்டர்.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பழைய அட்டிக் இழந்தது மொத்தமே டிகிரி நாளுக்கு 0.107 கன மீட்டர். வீட்டுக்கு எரிந்த 0.61இல் அது ஆறில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். அட்டிக் வழியே ஒரு துளி வெப்பம்கூடப் போகாதபடி அடைத்திருந்தாலும் மிச்சம் 18 சதவீதத்தைத் தாண்டியிருக்காது. காற்றுக் கசிவையும் சேர்த்து அடைத்திருந்தால் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். இன்சுலேஷன் விற்க வருகிறவர்களிடம் ‘என் வீட்டின் மொத்த இழப்பில் கூரையின் பங்கு எவ்வளவு?’ என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்களைப் போன்ற பழைய வீடுகளில் சுவரும் பேஸ்மென்ட்டும்தான் பெரும்பாலும் பெரிய பங்கைத் தின்கின்றன. பேஸ்மென்ட் சுவரில் ஒன்றுமே ஒட்டாமல் வெறும் கான்கிரீட் நிற்கும் வீடுகள் ஸ்கார்பரோவில் இன்னும் நிறைய இருக்கின்றன.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று: ஆர்-12இலிருந்து ஏறியவருக்குக் கிடைத்த மிச்சம் ஆர்-32இலிருந்து ஏறுபவருக்குக் கிடைக்காது. அதே 1,000 சதுர அடி, அதே டொராண்டோ குளிர். ஆனால் ஆர்-32ஐ ஆர்-60 ஆக்கினால் வருடத்துக்கு மிச்சமாவது 70 கன மீட்டர் மட்டுமே. முதல் சில அங்குலங்களே பெரும்பகுதி இழப்பைப் பிடித்துவிடும், பிறகு போடும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகும். ஒன்டாரியோவில் புது வீடுகளின் அட்டிக்குக்கு ஆர்-60 கேட்கிறார்கள். கட்டும்போதே போடுவதற்கு அது சரியான அளவு. ஆர்-32 இருக்கும் பழைய வீட்டில் அதை மட்டுமே இலக்காக வைத்துக் காசு செலவழிப்பது அவ்வளவு புத்திசாலித்தனமில்லை என்பது என் கருத்து.

குளிருக்கும் மிச்சத்துக்கும் உள்ள உறவில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ‘கடும் குளிர் வந்தால் இன்சுலேஷன் தோற்றுவிடும்’ என்று நினைக்கிறார்கள், பில் அப்படித்தான் காட்டும். உண்மையில் கன மீட்டர் கணக்கில் இன்சுலேஷன் அதிகம் சம்பாதித்துக் கொடுப்பது ஜனவரியின் கொடுங்குளிர் வாரத்தில்தான். ஒரு டிகிரி நாளுக்கு 0.085 என்றால், 10 டிகிரி நாள் இருக்கும் அக்டோபர் தினத்தில் மிச்சம் ஒரு கன மீட்டர்கூட இல்லை. 35 டிகிரி நாள் இருக்கும் ஜனவரி தினத்தில் மூன்று. பில் மிகப் பெரிதாக வரும் மாதமும் மிச்சம் மிகப் பெரிதாக இருக்கும் மாதமும் ஒன்றே. சதவீதத்தில் பார்த்தால் கொஞ்சம் மாறும். இன்சுலேஷன் கூடினால் ஆட்களும் அடுப்பும் வெயிலும் தரும் இலவச வெப்பம் வீட்டுக்குள் கூடுதல் நேரம் தங்கும், அதனால் ஃபர்னஸ் தொடங்க வேண்டிய வெளி வெப்பநிலையே இறங்கிவிடும். முன்பு வெளியே 16 டிகிரிக்குக் கீழே போனதும் எரியத் தொடங்கிய ஃபர்னஸ் இப்போது 15 வரை பொறுத்திருக்கலாம். ஆகவே அக்டோபர், ஏப்ரல் போன்ற இளங்குளிர் மாதங்களில் சதவீத மிச்சம் பெரிதாகத் தெரியும், கன மீட்டர் சிறியதாக இருக்கும். போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்பதை ஒரு கடுங்குளிர் வருடத்தையோ ஒரு மிதமான வருடத்தையோ வைத்துப் பார்க்கக் கூடாது, நீண்டகாலச் சராசரியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். குளிர்காலங்கள் மெல்ல மிதமாகிவருவதால் பழைய முப்பது வருடச் சராசரிகூட இனிவரும் வருடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி சொல்வதில் நிச்சயம் குறைவு. டிகிரி நாள் என்பது காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்க்கிறது. காற்று பலமாக அடித்த வாரம், வெயில் நன்றாக விழுந்த வாரம் எதுவும் அதில் சேராது. பேஸ்மென்ட்டைச் சுற்றியுள்ள மண் காற்றைப் போல உடனுக்குடன் குளிர்வதுமில்லை. அதனால் ஒரே ஒரு குளிர்காலத்தை ஒரே ஒரு குளிர்காலத்துடன் ஒப்பிட்டு வரும் 12 சதவீதத்தை, 8இலிருந்து 15க்குள் எங்கோ என்று எடுத்துக்கொள்வதே நியாயம். டிகிரி நாள் எண்ணில் சிறு பிசகு நேர்ந்தாலும் விடை ஆடும். 2,400க்குப் பதில் 2,300 என்று போட்டுப் பாருங்கள், 12 என்பது 8 ஆகிவிடும். வெந்நீர்க் கணக்கில் தவறினால் அவ்வளவு ஆடாது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் மாத வாரியாகப் போடுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் நாளுக்கு எத்தனை கன மீட்டர், அந்தக் காலத்தின் சராசரி வெப்பநிலை என்ன என்று இரண்டு எண். வரைதாளில் புள்ளி வைத்தால் வேலைக்கு முந்தைய மாதங்கள் ஒரு கோட்டிலும் பிந்தையவை அதைவிடச் சரிவு குறைந்த இன்னொரு கோட்டிலும் விழும். சரிவுகளுக்கு இடையிலுள்ள வித்தியாசமே உங்கள் மிச்சம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஃபெல்ஸ் என்பவர் 1980களில் இந்த முறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார், இன்றும் சேமிப்புத் திட்டங்களை அளக்க இதன் வழிவந்த முறைகளையே பயன்படுத்துகிறார்கள். உங்கள் கணினியில் இருக்கும் எக்ஸல் இதற்குப் போதும்.

அடுத்த சந்தேகம், வீட்டு மனிதர்களின் பழக்கம். முன்பு சில்லென்று கிடந்ததால் கதவைச் சாத்திவைத்த அறையை இப்போது பிள்ளைகள் பயன்படுத்துகிறார்களா? தெர்மோஸ்டாட்டை 20இலிருந்து 21க்கு ஏற்றினீர்களா? சூடேற்றும் காலம் ஏறக்குறைய 220 நாள். ஒரு டிகிரி ஏற்றினால் 220 டிகிரி நாள் கூடுகிறது, 3,800இல் அது 6 சதவீதம். இன்சுலேஷன் கொடுத்ததில் பாதியை ஒரே ஒரு டிகிரி சாப்பிட்டுவிடும். ஆனால் அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். கை விறைக்காமல் உட்கார்ந்து படிக்க ஓர் அறை கிடைத்திருக்கிறது, அந்த வசதிக்காகவும்தானே செலவு செய்தோம்? எல்லாப் பழியையும் பழக்கத்தின் மேல் போடவும் முடியாது. மிச்சிகனில் 30,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வொன்று 2018இல் வெளியானது. கணினி மாதிரிகள் முன்கூட்டிச் சொன்ன மிச்சம், உண்மையில் கிடைத்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. ஆனால் மக்கள் வீட்டைக் கூடுதலாகச் சூடாக்கிக்கொண்டதாகச் சொல்லும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதாவது முன்கணிப்பே மிகையானது. ஜெர்மனி வீடுகளைப் பற்றி 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு, அவை கணக்குப்படி எரிக்க வேண்டியதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே எரிப்பதைக் காட்டியது. ஒழுகும் வீட்டில் இருப்பவர்கள் செலவுக்குப் பயந்து ஏற்கெனவே சிக்கனமாக இருக்கிறார்கள். எரிக்காத கேஸை மிச்சப்படுத்த முடியாதல்லவா? விற்பவர் காட்டும் மென்பொருள் கணக்கைவிட உங்கள் பில்லில் இருந்து தொடங்கும் கணக்கு எப்போதும் நம்பகமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி, நீங்கள் கேட்காத ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம்: காற்றுக் கசிவு. உங்கள் ரசீதில் ‘இன்சுலேஷன்’ என்று மட்டும் இருக்கிறது, இடைவெளிகளை அடைத்ததாக ஒரு வரி இல்லை. குளிர்காலத்தில் வீடு முழுவதும் ஒரு புகைபோக்கி போல நடந்துகொள்கிறது. சூடான காற்று மேலே ஏறி அட்டிக்குக்குள் ஒழுகும், அதை ஈடுகட்டக் குளிர்காற்று கீழே பேஸ்மென்ட் ஓரங்கள் வழியாக நுழையும். வெளியே குளிர் கூடக்கூட இந்த இழுப்பும் கூடும், ஆகவே கொடுங்குளிர் நாளில் இரட்டை அடி. குழாய் வழியே ஊதிப் போடும் இன்சுலேஷன் காற்றைத் தடுப்பதில்லை, வடிகட்டத்தான் செய்யும். பழைய ஃபைபர்கிளாஸைக் கையால் விலக்கிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கழிவு நீர்க் குழாய் மேலே போகும் ஓட்டையைச் சுற்றியும், உட்சுவர்களின் தலைக்கட்டைகளின் மேலும், விளக்குப் பெட்டிகளின் மேலும் அது கறுத்துக் கிடக்கும். பலர் அதைப் பூஞ்சை என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது வெறும் தூசி. பல வருடமாக வீட்டுக் காற்று அந்த வழியாகப் போய், போகிற போக்கில் விட்டுச் சென்றது. எங்கே கறுத்திருக்கிறதோ அங்கேதான் அடைக்க வேண்டும். 1970களில் நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் கண்டதும் இதுதான். அட்டிக் இன்சுலேஷனைச் சுற்றிக்கொண்டு மறைவான இடுக்குகள் வழியே புத்தகக் கணக்கு சொன்னதைவிட மிக அதிகமான வெப்பம் வெளியேறிக்கொண்டிருந்தது. அச்சு அசலாக ஒரே மாதிரி கட்டிய வீடுகளில்கூட ஒரு குடும்பம் எரித்ததைப்போல் இரண்டு மடங்கை இன்னொரு குடும்பம் எரித்ததையும் அங்கேதான் பதிவு செய்தார்கள். பக்கத்து வீட்டுப் பில்லோடு ஒப்பிட வேண்டாம் என்று நான் எப்போதும் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

அட்டிக்குக்கு ஏறும் மூடியை நீங்களே பார்க்கலாம். பெரும்பாலும் ஏதாவது ஓர் அலமாரி அறையின் கூரையில் இருக்கும், வெறும் பலகைத் துண்டு. அதன் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறார்களா, முதுகில் கெட்டியான நுரைப்பலகை ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அரை நாள் வேலை, சின்னச் செலவு. குளிர் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி விளிம்போரம் பிடித்தால் புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று தெரிந்துவிடும். ஜனவரியில் மேலே ஏறிப் பார்க்கும்போது கூரைப் பலகையின் உட்புறம் ஆணி முனைகளில் வெண்பனி பூத்திருந்தால், உங்கள் வீட்டின் ஈரக்காற்று அங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே திறந்து விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்சுலேஷன் கூடிய பிறகு அட்டிக் முன்பைவிடக் குளிராக இருக்கும், அங்கே போகும் ஈரம் முன்பைவிட எளிதாகப் படியும், கூரைப் பலகை கெடும். கேஸ் மிச்சத்தைவிட இது அவசரமான விஷயம்.

வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துத் தரும் ஹீட் பம்புக்கு மாறலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதை விரிவாகப் பேச இது இடமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். குளிர் கூடக்கூட ஹீட் பம்பின் திறன் இறங்கும், அதே நேரத்தில் வீட்டின் தேவை ஏறும். ஆகவே கசிவையும் இன்சுலேஷனையும் முதலில் முடித்துவிட்டால் சிறிய இயந்திரமே போதுமாக இருக்கலாம். வரிசையை மாற்றினால் தேவைக்கு மேல் பெரியதை வாங்கிவிடுவீர்கள்.

உங்கள் ஒப்பந்தக்காரரைப் பொறுத்தவரை, பில்லைக் காட்டிச் சண்டை போடாதீர்கள், அதில் நீங்கள் ஜெயிக்க முடியாது. ஆழத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஊதிப் போட்ட ஃபைபர்கிளாஸ் அல்லது செல்லுலோஸ் ஆர்-60க்கு, பொருளைப் பொறுத்து, பதினாறு அங்குலத்திலிருந்து இருபதுக்கு மேல் வரை வரும். ஒவ்வொரு மூட்டையிலும் எத்தனை சதுர அடிக்கு எத்தனை மூட்டை என்று அட்டவணை அச்சிட்டிருப்பார்கள், அந்த எண்ணிக்கையை ரசீதோடு ஒப்பிடலாம். மேலே அளவுகோல் சீட்டுகள் குத்தியிருக்க வேண்டும். மூடியின் அருகில் மட்டும் மலைபோல் குவித்து, ஓரங்களில் மெலிந்திருக்கிறதா என்று ஒரு டார்ச்சும் அளவு நாடாவும் கொண்டு நான்கைந்து இடத்தில் பாருங்கள். ஜாயிஸ்ட் எனும் குறுக்குச் சட்ட மரத்தில் மட்டும் கால் வையுங்கள், நடுவில் மிதித்தால் ஜிப்சம் போர்டு உடைந்து கீழே வந்துவிடும். ஓரங்களில் கூரைக்கு வரும் வெளிக்காற்றுப் பாதையை அடைத்திருக்கக் கூடாது. ஆழம் சரியாக இருந்து, நான் சொன்னபடி உங்கள் உண்மையான டிகிரி நாள் எண்களைப் போட்டபோது குறைவு 8 சதவீதத்துக்கு மேல் வந்தால், அவர் போட வேண்டியதைப் போட்டிருக்கிறார். 5க்குக் கீழே வந்தால், ஊதுகதவு (வாசலில் பொருத்தும் பெரிய விசிறி) வைத்துக் கசிவு அளக்கும் எரிசக்தி ஆலோசகர் ஒருவரைக் கூப்பிடுங்கள். இலையுதிர் காலத்திலேயே கூப்பிட்டால் நல்லது, முதல் உறைபனி விழுந்ததும் எல்லோரும் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள், தேதி கிடைக்காது. அதுவரை மாதம் முதல் தேதி மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டிகிரி நாள் எண்களோடு அந்தப் படங்களையும் இங்கே போட்டால் கணக்கைச் சேர்ந்தே பார்க்கலாம்.